வேளச்சேரியிலிருந்து கோவைக்கு வீடு மாறுகிறோம், மூன்றடித் தொட்டி மீன்களை எப்படிக் கொண்டு போவது?

வேளச்சேரி வாணி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்குக் கோவைக்கு மாற்றலாகிவிட்டது, அடுத்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறோம். சாமான்களுக்கு லாரி பேசியாயிற்று. உயிருள்ள எதையும் ஏற்ற மாட்டோம் என்று அவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டதால் மீன்கள் எங்களோடு காரில்தான் வர வேண்டும். தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே ஏஞ்சல் நான்கு, கோரி ஆறு, ரம்மி நோஸ் டெட்ரா ஒரு கூட்டம், முக்கால் அடிக்கு வளர்ந்துவிட்ட சக்கர் ஒன்று. மகளுடைய ஃபைட்டர் தனியாகச் சின்னத் தொட்டியில் இருக்கிறது. வழியில் சாப்பிட, குழந்தை இறங்க என்று நிறுத்தி நிறுத்திப் போனால் பத்து மணி நேரமாவது ஆகும். கவரில் கட்டுவதா, மூடி போட்ட பக்கெட்டா? பக்கத்துக் கடைக்காரர் "கவர்ல காத்து அடிச்சுத் தர்றேன், ஒண்ணும் ஆகாது" என்கிறார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. அந்த ஏஞ்சல்கள் காசளவு குஞ்சாக வந்து என் கண் முன்னால் வளர்ந்தவை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி தொட்டி:

கொடுக்கவே கொடுக்காதீர்கள் அக்கா. கொல்கத்தாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கவரில் கட்டித்தான் சென்னைக் கடைகளுக்கு மீன் வருகிறது, அதைப் பார்த்தால் பத்து மணி நேரம் பெரிய விஷயமே இல்லை. கட்டுகிற விதம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குளத்தூர் பாக்கிங்:

நான் வண்ணமீன் வியாபாரத்தில் பாக்கிங் வேலை பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் மேடம்.

முதலில் பட்டினி. கிளம்புவதற்கு முன் முழுதாக ஒரு நாள் தீனி போடக்கூடாது, சக்கர் மாதிரிப் பெரிய மீனுக்கு இரண்டு நாள். பாவம் என்று நினைக்காதீர்கள், வளர்ந்த மீனுக்கு இரண்டு நாள் பட்டினி ஒன்றுமே செய்யாது. கவருக்குள் அது போடும் கழிவுதான் அதையே கொல்லும். பட்டினி போடாமல் கட்டிய கவரில் நாலைந்து மணி நேரத்திலேயே தண்ணீர் கலங்கிவிடும்.

அப்புறம் கவர். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் முழுக்க ஆக்சிஜன். தண்ணீர் நிறைய இருந்தால் மீனுக்கு நல்லது என்று பலர் முக்கால் கவர் நிரப்பச் சொல்வார்கள். அது தப்பு, மேலே இருக்கும் காற்றிலிருந்துதான் தண்ணீருக்குள் ஆக்சிஜன் இறங்க வேண்டும். கடைக்காரர் அடிப்பது சிலிண்டர் ஆக்சிஜனா, ஏர் பம்ப் காற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பம்ப் காற்று அடைத்த கவர் கடையிலிருந்து வீட்டுக்குப் போகத்தான், கோவைக்கு இல்லை. சிலிண்டர் வைத்திருக்கும் கடைகள் குளத்தூரில் நிறைய உண்டு, வேளச்சேரியிலிருந்து தூரம்தான், ஆனாலும் காலையில் கிளம்பும் வழியில் வந்து கட்டிக்கொண்டு போவதை விட, முந்தின நாளே பேசிவைத்து உங்கள் பக்கத்திலேயே சிலிண்டர் உள்ள கடையைப் பிடிப்பது உத்தமம்.

எல்லாவற்றுக்கும் இரட்டைக் கவர். கவரின் அடிமூலை இரண்டையும் மடித்து ரப்பர் பேண்ட் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் டெட்ரா மாதிரிச் சின்ன மீன் மூலையில் போய் நசுங்கும். கோரிக்கும் சக்கருக்கும் துடுப்பில் முள் உண்டு, கவரைக் குத்தும். இரண்டு கவருக்கும் நடுவில் செய்தித்தாள் மடித்து வைத்துக் கட்டுவோம். அதைவிட உங்கள் சக்கரை மூடி போட்ட பக்கெட்டில் கொண்டு போவதே மேல். பிடிக்கும்போது இந்த இரண்டையும் வலையால் பிடிக்காதீர்கள், முள் மாட்டிக்கொண்டால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டிப் பிடியுங்கள்.

கோரி பற்றி இன்னொன்று. பயந்தால் அது ஒரு விஷத்தைக் கக்கும், சின்னக் கவருக்குள் அதனாலேயே அது செத்துப்போவதுண்டு. பிடித்ததும் ஒரு டப்பில் கால் மணி நேரம், அரை மணி நேரம் விட்டுவைத்து, வேறு தண்ணீரில் மாற்றிக் கட்டுங்கள். மற்ற மீனோடு சேர்த்துக் கட்டவே வேண்டாம்.

கட்டியதெல்லாம் தெர்மாகோல் பெட்டிக்குள், மூடி டேப் ஒட்டி. இருட்டில் மீன் அடங்கியிருக்கும், மூச்சும் குறைவாக வாங்கும்.

வேளச்சேரி வாணி:

ரொம்ப நன்றி தம்பி. இவ்வளவு விவரமாக யாரும் சொல்லவில்லை. ஃபைட்டருக்கும் ஆக்சிஜன் போட வேண்டுமா?

குளத்தூர் பாக்கிங்:

வேண்டாம் மேடம். அது மேலே வந்து காற்றையே குடிக்கும் மீன். சாதாரணக் காற்றோடு மூடி போட்ட டப்பா போதும், மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இடம் விட்டு வையுங்கள். உங்கள் மகள் மடியிலேயே வைத்துக்கொண்டு வரலாம், ஒரு துணி சுற்றி.

கோவை சிறுவாணி:

எல்லோரும் வண்டிப் பயணத்தையே பேசுகிறீர்கள். பத்து மணி நேரம் மீன் தாங்கிவிடும். இறங்கிய பிறகு வரும் பத்து நாட்களில்தான் வீடு மாற்றிய மீன்கள் சாகின்றன, இங்கே எனக்குத் தெரிந்த எல்லாருடைய கதையும் அதுதான்.

அக்கா, வேளச்சேரியில் தொட்டிக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? போர் என்றால் உப்பு நீராகத்தான் இருக்கும். கோவையில் உங்கள் வீடு எந்தப் பக்கம்? சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதி என்றால் அது மிகவும் மென்மையான நீர், டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) விட்டால் நூறைக்கூட எட்டாது. வருடக்கணக்கில் உப்பு நீரில் இருந்த மீனை ஒரே நாளில் அதில் தூக்கிப் போட்டால் அதன் உடம்பு தாங்காது. அன்றைக்கு நன்றாக நீந்தும், நாலாம் நாள் ஓரமாக ஒதுங்கும், அப்புறம் ஒவ்வொன்றாகப் போகும். ஆட்கள் பயணக் களைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

வேளச்சேரி வாணி:

போர் தண்ணீர்தான். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு மீட்டர் வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துப் பார்த்தேன், தொள்ளாயிரத்துக்கு மேல் காட்டுகிறது! கோவையில் வடவள்ளிப் பக்கம் வீடு, சிறுவாணி வருகிறது என்று வீட்டுக்காரம்மா பெருமையாகச் சொன்னார். இப்போது என்ன செய்வது?

நாகை பரதன்:

டிரிப் போடுங்கள். ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீரை விட்டால் மூன்று மணி நேரத்தில் பழகிவிடும். நான் எப்போதும் அப்படித்தான்.

வேதியியல் வாத்தியார்:

பரதன் தம்பி சொல்வது அரை மணி நேரப் பயணத்துக்குச் சரி. நாள் முழுக்கக் கட்டிவைத்த கவருக்கு அது ஆபத்து, ஏனென்று சொல்கிறேன்.

மூடிய கவருக்குள் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. மீன் விடும் அமோனியா சேர்ந்துகொண்டே போகிறது. கூடவே அது விடும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேற வழியில்லாமல் தண்ணீரில் கரைந்து பி.எச்சை, அதாவது தண்ணீரின் அமில-கார அளவை, கீழே இழுக்கிறது. பி.எச் குறைந்தால் அமோனியா பெரும்பாலும் அமோனியம் என்ற, நஞ்சு குறைந்த வடிவத்தில் இருக்கும். அதனால்தான் மீன் அத்தனை அழுக்கிலும் பிழைத்துக் கிடக்கிறது. நீங்கள் கவரைத் திறந்த நொடியில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறத் தொடங்கும், பி.எச் ஏறும், அமோனியம் திரும்ப அமோனியாவாக மாறும். 25 டிகிரியில் பி.எச் 7 இருக்கும்போது மொத்தத்தில் அரை சதவீதத்தை ஒட்டித்தான் நஞ்சு வடிவம். பி.எச் 8 ஆனால் ஐந்து சதவீதத்தைத் தாண்டும், ஏறக்குறைய பத்து மடங்கு. திறந்த கவரில் சொட்டு நீர் விட்டு மூன்று மணி நேரம் உட்காரவைப்பது அந்த நஞ்சுக்குள்ளேயே உட்காரவைப்பதுதான். செவுள் வெந்துபோகும்.

ஆகவே கவரைத் திறக்காமல் கால் மணி, இருபது நிமிடம் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். அப்புறம் திறந்து, மீனை மட்டும் டப்பாவில் எடுத்து, உடனே நல்ல தண்ணீரில் விடுங்கள். கவர்த் தண்ணீர் தொட்டிக்குள் ஒரு சொட்டும் போக வேண்டாம்.

நாகை பரதன்:

வாத்தியார் சார், சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொள்ளாயிரத்திலிருந்து நூறுக்குக் கீழே ஒரேயடியாக விட்டால் அதுவும் கொல்லுமே? திடீரென்று தண்ணீர் மாறினால் மீனின் உடம்பு தாங்காது என்று கோவைக்காரரே மேலே சொல்கிறார்.

வேதியியல் வாத்தியார்:

கொல்லும். அதனால் பழக்குவதைக் கவருக்குள் செய்யாதீர்கள், இங்கேயே இப்போதே தொடங்குங்கள் என்கிறேன். அம்மாவுக்குக் கையில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. வாரம் இரண்டு முறை தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு அந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் விட்டு வந்தால் டிடிஎஸ் படிப்படியாக இறங்கும். மீன் அதை உணராமலே பழகும். முந்நூறு, நானூறுக்கு வந்தால் போதும், அதற்குக் கீழே இங்கே இறக்க வேண்டாம். மிச்சத்தைக் கோவையில் போய் வாரா வாரம் மாற்றும் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். ஏஞ்சல், டெட்ரா, கோரி மூன்றுமே அமேசான் பக்கத்து மென்னீர் மீன்கள். உங்கள் போர் நீரில் அவை பழகி வாழ்கின்றன, கோவைத் தண்ணீர் பழகியபின் அவற்றுக்கு உண்மையில் சுகம்.

கோவை சிறுவாணி:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. பழைய தொட்டித் தண்ணீரை இருபது லிட்டர் கேன் மூன்றில் பிடித்துக் காரில் எடுத்து வாருங்கள். உங்கள் தொட்டியில் மண், கட்டை போக நூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் பிடிக்கும், முதல் நாள் பாதித் தண்ணீர் பழையதாகவே இருந்தால் மீனுக்கு மாற்றமே தெரியாது. மீதிக்கு நான் இரண்டு நாள் முன்பே சிறுவாணி நீரைப் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு வைத்துத் தருகிறேன், குளோரின் போய்விடும். வடவள்ளி எனக்குப் பக்கம்தான்.

வேளச்சேரி வாணி:

முகம் தெரியாதவருக்கு இப்படிச் செய்ய முன்வருகிறீர்களே, மிக்க நன்றி அண்ணா. உங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பாடு என் பொறுப்பு.

சேலம் ஸ்பாஞ்ச்:

ஃபில்டரைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை! தண்ணீரைவிட அதுதான் முக்கியம். அமோனியாவை நைட்ரைட்டாக, அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை, ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையத்திலும் மண்ணிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. அதைக் காயவிட்டாலோ, குழாய்த் தண்ணீரில் கழுவினாலோ உங்கள் பழைய தொட்டி புதுத் தொட்டி ஆகிவிடும், திரும்ப நிலைப்பட ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் மீன்கள் தங்கள் அமோனியாவிலேயே கிடக்கும்.

ஸ்பாஞ்சையும் வளையங்களையும் பழைய தண்ணீர் ஊற்றிய பக்கெட்டில் போட்டு, லேசாக மூடி, பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை ஓடவிடுங்கள். கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) வைத்திருக்கிறவர்கள் அதை அப்படியே தண்ணீரோடு மூடித் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும், மூடிய டப்பாவுக்குள் சில மணி நேரத்தில் அது தீர்ந்து, அழுகி, ஊரில் போய் ஆன் செய்ததும் அந்த நாற்றத் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் போகும். மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தைப் பாக்கிங்கில் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரும் தொட்டிக்கு வேண்டாம், அது இந்தப் பாக்டீரியாவையும் கெடுக்கும்.

மண்ணை அடியோடு கிளறி எடுக்கும்போது அழுகிய முட்டை வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. மீன்களை எல்லாம் எடுத்து முடித்த பிறகே மண்ணில் கை வையுங்கள். தொட்டியில் நாலு விரல் தண்ணீரும் மண்ணும் விட்டு அப்படியே லாரியில் ஏற்றலாம் என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, குலுங்கும்போது சிலிகான் ஒட்டு விட்டுவிடும். முழுக்கக் காலி செய்து, அடியில் தெர்மாகோல் வைத்து, நிமிர்ந்த நிலையில்தான் போக வேண்டும். செடிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கவருக்குள் போட்டால் போதும்.

பெரம்பூர் ராஜா:

சக்கர் பக்கெட்டில் இடத்தை அடைக்குமே, அது மட்டும் எதற்கு அவ்வளவு தூரம்? வேளச்சேரி ஏரியில் விட்டுவிட்டால் நன்றாகப் பிழைத்துக்கொள்ளும்.

குளத்தூர் பாக்கிங்:

அது மட்டும் செய்துவிடாதீர்கள், தயவுசெய்து. பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் பிரச்சினையே. தென்னமெரிக்க மீன் அது. நம் ஊர் ஏரிகளில் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது, கரையைக் குடைந்து குழி போடும், மீனவர் வலையைக் கிழிக்கும், அதை வாங்குவாரும் கிடையாது. வேண்டாம் என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி வைத்திருக்கிறவரிடம் கொடுங்கள். ஏரி, குளம், கிணறு எதிலும் விடவே கூடாது.

வேளச்சேரி வாணி:

விட மாட்டேன். ஆனால் மூன்றடித் தொட்டி அதற்குப் போதாது என்பது எனக்கும் தெரிகிறது. எங்கள் தெருவிலேயே ஆறடித் தொட்டி வைத்திருக்கும் டாக்டர் வீட்டில் கேட்டிருக்கிறேன், எடுத்துக்கொள்வார்கள் போல.

சேலம் ஸ்பாஞ்ச்:

நல்ல முடிவு. கிளம்பும் நேரத்தையும் யோசியுங்கள். வெயில் காலம் இது. இருபது டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால் முப்பது டிகிரியில் ஏழரைதான் கரையும், அதே நேரம் சூட்டில் மீனுக்கு மூச்சும் அதிகம் தேவை. டிக்கியில் வைக்க வேண்டாம், ஏசி அங்கே போகாது. பின் சீட்டின் காலடியில் வையுங்கள். உளுந்தூர்பேட்டையில் சாப்பிட நிறுத்தினால் வெயிலில் வண்டியைப் பூட்டிவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடாதீர்கள், ஒருவர் ஏசி போட்டு வண்டியிலேயே இருக்கட்டும். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும்போது சேலம் தாண்டிவிடலாம். ஐஸ் கட்டி நேராகப் போடுவது, தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துக் கவரோடு ஒட்டி வைப்பது எல்லாம் வேண்டாம். மிகவும் சூடானால் பாட்டிலை நாலு சுற்றுச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் வைக்கலாம்.

திருச்சி தொட்டி:

கவருக்குள் கொஞ்சம் கல்லுப்பும் ஜியோலைட்டும் போட்டால் நல்லது என்று சொல்கிறார்களே?

வேதியியல் வாத்தியார்:

இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். ஜியோலைட் அமோனியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உப்பு நீரில் சோடியம் உள்ளே போய் அதைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். உப்பைப் போட்டு ஜியோலைட்டைப் புதுப்பிப்பதே அந்த முறையில்தான். பட்டினி போட்டுக் கட்டிய பத்து மணி நேரக் கவருக்கு இரண்டுமே தேவையில்லை. கிராம்பு எண்ணெய் கொடுத்து மயக்கிக் கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம், அளவு ஒரு துளி மாறினால் செவுள் அசைவே நின்றுவிடும்.

வேளச்சேரி வாணி:

வந்து சேர்ந்துவிட்டோம். சொன்னபடி ஆர்ஓ தண்ணீர் கலந்து கலந்து டிடிஎஸ்ஸை நானூறுக்குக் கீழே கொண்டு வந்த பிறகுதான் கிளம்பினேன். விடியற்காலையில் கடைக்காரர் தூக்கம் கெட்டு வந்து ஆக்சிஜன் அடித்துக் கொடுத்தார். ஏஞ்சல் ஒவ்வொன்றும் தனிக் கவர், கோரி மூன்று மூன்றாக, டெட்ரா இரண்டு கவர். சக்கர் டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டது. ஸ்பாஞ்ச் பக்கெட்டில் பேட்டரி பம்ப் வழி முழுக்க ஓடியது, அந்தச் சத்தத்தில் மகள் தூங்கவே இல்லை.

மதியம் வந்து சேர்ந்தோம். லாரி முந்தின இரவே கிளம்பியதால் தொட்டி எங்களுக்கு முன்பே வந்திருந்தது, கோவை அண்ணன் இரண்டு டிரம் தண்ணீரோடு நின்றிருந்தார். பழைய தண்ணீர் பாதி, அவர் தண்ணீர் பாதி. கவரை மிதக்கவிட்டு, திறந்து, உடனே மீனை எடுத்து விட்டோம். லைட் போடவில்லை, மறுநாள் மாலை வரை தீனி இல்லை. ஒரு டெட்ரா மட்டும் வழியிலேயே போய்விட்டது, அது கிளம்பும்போதே மெலிந்திருந்தது. மற்ற எல்லாம் நன்றாக இருக்கின்றன. இன்று அமோனியா டெஸ்ட் செய்தால் பூஜ்யம், ஆனால் நைட்ரைட் 0.25 காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

சேலம் ஸ்பாஞ்ச்:

பயப்பட வேண்டாம், கவனித்தால் போதும். வழியில் பாக்டீரியா கொஞ்சம் போயிருக்கும், அது பெருகும் வரை தீனியைப் பாதியாகக் குறையுங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் சரி. இன்றே நாலில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றிவிடுங்கள், குளோரின் போன தண்ணீர். தினமும் டெஸ்ட் பண்ணுங்கள். 0.5க்கு ஏறினால் இன்னொரு முறை மாற்றுங்கள். ஸ்பாஞ்சைப் பிழியவே பிழியாதீர்கள் இப்போதைக்கு.

வேதியியல் வாத்தியார்:

கூடவே பி.எச்சையும் பாருங்கள் அம்மா. சிறுவாணி நீரில் கார்பனேட் குறைவு, மாதங்கள் போகப் போக பி.எச் சரிந்துகொண்டே வரலாம், அது ஆறுக்குக் கீழே போனால் பாக்டீரியாவும் சோர்ந்துவிடும். ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் துண்டு துணியில் கட்டிப் போட்டு வையுங்கள்.

மதுரை ஆஸ்கார்:

இந்த இழை முழுக்கப் படித்தேன், நன்றி எல்லோருக்கும். என் தம்பி சென்னையில் வைத்திருக்கும் சின்ன ஆஸ்கார் குஞ்சுகளை ஆம்னி பஸ் பார்சலில் மதுரைக்கு அனுப்பச் சொல்லலாமா?

குளத்தூர் பாக்கிங்:

கடைகள் அப்படித்தான் அனுப்புகின்றன சார், ஆனால் நேராகப் பேசிச் சம்மதம் வாங்கிய பிறகே அனுப்பச் சொல்லுங்கள், எல்லா பஸ்ஸிலும் எடுக்க மாட்டார்கள். ராத்திரி கடைசியில் கிளம்பும் பஸ்ஸில் ஏற்றுங்கள், வெயிலுக்கு முன் வந்துவிடும். எஞ்சின் பக்கத்து டிக்கியில் வைத்தால் சூட்டில் வெந்துவிடும், வேறு இடம் கேளுங்கள். பெட்டி மேல் உயிர் மீன், இந்தப் பக்கம் மேலே என்று நாலு பக்கமும் மார்க்கரில் எழுதி, உங்கள் நம்பரும் எழுதச் சொல்லுங்கள். ஆஸ்கார் குஞ்சு கவருக்கு ஒன்று. பஸ் மாட்டுத்தாவணிக்கு வரும்போது நீங்கள் அங்கே நின்றுகொண்டிருக்க வேண்டும், பார்சல் ஆபீஸில் கிடக்க விடாதீர்கள்.